வீட்டிலே பாண் சுடும் முறை

நம் நாட்டவரின் முதன்மை உணவு சோறாகும். எனினும் நெல் விளைவிக்கும் கமக்காரர் வீடுகளிலும் இன்று பாண் அன்றாட உணவாகிவிட்டது. காலையில் வயலுக்குப் புறப்படும்போதும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும்போதும், அரிவு வெட்டுக் காலத்திற் கூலியாட்களுக்குத் தேநீர் கொடுக்கும்போதும் பாண் கைக்கு எளிதான உணவாக இருக்கின்றது. போர்த்துக்கேயர் 1505ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த பின்னரே இவ்வுணவு இங்கு வழக்கிற்கு வந்தது. பாண், போறணை என்னும் இரு சொற்களும் அவர்கள் மொழியிலிருந்து வந்தவையே.

பாணுக்கு வேண்டிய கோதுமை இலங்கையில் வாணிக அளவிற் பயிராவதில்லை. அது முழுவதும் பிறநாட்டிலிருந்தே வருகின்றது. இதனால், கடல்கடந்த வரவு குன்றும்போது அதன் துன்பம் கிராமத்து வீட்டையும் தாக்குகின்றது. 1970களின் முற்பகுதியில் மக்கள் பாணுக்காக வரிசையில் நின்றனர். 2022ஆம் ஆண்டில் மாவும் எரிபொருளும் அரிதானபோது பாணின் விலை பன்மடங்கு உயர்ந்தது. பல போறணைகள் மூடப்பட்டன. பாணை வீட்டிலேயே சுடத் தெரிந்தவரும், அதில் ஒரு பங்கைத் தம் நிலத்து விளைவாற் கூட்டத் தெரிந்தவரும் இத்தகைய காலத்தில் ஓரளவு தாங்கி நிற்பர். அதற்குரிய எளிய முறை, இதுவரை பாண் சுட்டறியாதவர்க்கும் விளங்குமாறு இங்கே கூறப்படுகின்றது.

பாண் பொங்குவது எவ்வாறு?

கோதுமை மாவை நீர் விட்டுக் குழைக்கும்போது, அதிலுள்ள புரதம் இழுபடத்தக்க பசையமாக மாறுகின்றது. கடைகளில் ஈஸ்ட் என்னும் பெயரில் விற்கப்படும் மதுவம் ஓர் உயிருள்ள நுண்பூஞ்சணமாகும். அது மாவிலுள்ள வெல்லத்தை உண்டு, கரியமில வாயுவை வெளிவிடுகின்றது. அவ்வாயுவைப் பசையம் சிறுசிறு குமிழிகளாக அடைத்து வைத்துக்கொள்வதாலேயே மா பொங்குகின்றது. மதுவம் உயிருள்ளது என்பதை மறத்தலாகாது. இளஞ்சூடு அதற்கு உகந்தது. குளிரில் அது மெதுவாகவே வேலை செய்யும். கைபொறுக்காத வெந்நீர் அதனைக் கொன்றுவிடும். முதன்முறை பாண் சுடுவோர் பலர் தோல்வியுறுவது வெந்நீரினாலேயே.

வேண்டிய பொருட்கள்

450 கிராம் நிறையுள்ள பாண் ஒன்றுக்குப் பின்வருவன போதும்:

கோதுமை மா – 300 கிராம்
இளஞ்சூடான நீர் – 180 முதல் 190 மில்லிலீற்றர்
உலர் மதுவம் – மட்டமாக 1 தேக்கரண்டி
சீனி – 2 தேக்கரண்டி
உப்பு – மட்டமாக 1 தேக்கரண்டி
தேங்காயெண்ணெய் – 1 மேசைக்கரண்டி

வீட்டில் தராசு இல்லாதவர், கடையில் 300 கிராம் மாவை ஒருமுறை நிறுத்து வாங்கி, வீட்டிலுள்ள சுண்டிலோ பேணியிலோ இட்டு, அது நிற்கும் மட்டத்தை அடையாளமிட்டுக்கொள்ளலாம். மாவை அரிதட்டில் அரித்தபின்னரே அளத்தல் வேண்டும். வண்டு விழுந்த மாவையும் பூஞ்சண நாற்றமுள்ள மாவையும் பயன்படுத்தலாகாது.

செய்முறை

1. மதுவத்தைச் சோதித்தல்: அளந்து வைத்த நீரிற் பாதியை எடுத்துச் சீனியைக் கரைத்து, மதுவத்தை மேலே தூவிப் பத்து நிமிடம் மூடி வைக்கவும். நுரை எழுந்தால் மதுவம் உயிருடன் உள்ளது. நுரை எழாவிடின் அதனைக் கழித்துவிட்டுப் புதியது வாங்குதல் வேண்டும். செத்த மதுவத்துடன் மாவைச் சேர்த்தால் மாவும் உழைப்பும் வீணாகும்.

2. குழைத்தல்: உப்பை மாவுடன் நன்கு கலந்துகொள்ளவும். உப்பை நேராக மதுவத்தின்மேல் இடுதலாகாது. மாவின் நடுவே குழி செய்து, மதுவ நீரையும் மீதி நீரையும் சிறிது சிறிதாக விட்டுச் சேர்க்கவும். எல்லா மாவும் ஒரே அளவு நீரை உறிஞ்சுவதில்லை. ஆதலால் கடைசி இரண்டு மேசைக்கரண்டி நீரை வைத்துக்கொண்டு, வேண்டுமாயின் மட்டும் விடுக. மா றொட்டிக்குக் குழைப்பதிலும் பார்க்கச் சற்று இளக்கமாக இருத்தல் நன்று. பின்னர் எண்ணெய் சேர்த்து, உள்ளங்கையால் அழுத்தித் தள்ளியும் மடித்தும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிசையவும். தொடக்கத்திற் கையில் ஒட்டும் மா போகப்போக வழுவழுப்பாகும். அதில் ஒரு துண்டை எடுத்து இரு கையாலும் மெல்ல விரித்தால், கிழியாது மெல்லிய தோல்போல் விரிதல் வேண்டும். அதுவே போதுமான பதம். ஒட்டுகின்றது என்று அஞ்சி மேலும் மேலும் மா தூவுவோர்க்குக் கல்லுப்போன்ற பாணே கிடைக்கும்.

3. முதற் பொங்கல்: பாத்திரத்தில் எண்ணெய் பூசி, மாவை உருட்டி வைத்து, ஈரத்துணியால் மூடவும். தாழ்நிலத்து வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அது இருமடங்காகும். நுவரெலியா போன்ற குளிர்ந்த மலைப்பகுதிகளில் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ செல்லும். மணிக்கூட்டைப் பார்த்து முடிவுசெய்வதிலும் மாவைப் பார்த்து முடிவுசெய்வதே சரியாகும்.

4. உருவாக்குதல்: பொங்கிய மாவை அழுத்தி வாயுவை வெளியேற்றி, நீள்சதுரமாகத் தட்டி, பாய் சுருட்டுவதுபோல் இறுக்கமாகச் சுருட்டவும். சுருளின் ஓரம் கீழே இருக்குமாறு, எண்ணெய் பூசிய தட்டத்தில் வைக்கவும். மா, தட்டத்தின் பாதி உயரத்திற்கு மேற்படாதிருத்தல் வேண்டும். வர்ணம் பூசிய பழைய தகரப் பேணிகளில் பாண் சுடலாகாது. சூட்டில் அவ்வர்ணம் உணவிற் கலந்துவிடும்.

5. இரண்டாம் பொங்கல்: மீண்டும் மூடி, முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் வரை வைக்கவும். விரலால் மெல்ல அழுத்தினால் குழி மெதுவாகப் பாதியளவு மீளுமாயின் சுடுவதற்கு ஏற்ற பதமாகும். குழி உடனே மீண்டால் இன்னும் பொங்கவேண்டும். மீளாதிருந்தால் பதம் கடந்துவிட்டது, தாமதியாது சுடவும்.

6. சுடுதல்: மின் அல்லது வாயு அடுப்புப் போறணையாயின் 200 பாகை செல்சியசில் முப்பத்தைந்து நிமிடம் வரை வேண்டும். பாணைத் தட்டத்திலிருந்து எடுத்து அடிப்புறத்தை விரலால் தட்டும்போது, வெற்றுப் பானையைத் தட்டியதுபோல் ஓசை எழுந்தால் உள்ளே வெந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

போறணை இல்லாத வீட்டில்

போறணை இல்லையென்று வருந்த வேண்டியதில்லை. வாயகன்ற பெரிய மண்சட்டி ஒன்றையோ, தடித்த இரும்புச் சட்டியையோ அடுப்பில் வைத்து, இரண்டு விரல் உயரத்திற்கு உலர்ந்த மணல் பரப்பவும். மெல்லிய அலுமினியப் பாத்திரம் இதற்கு உதவாது. மணலின்மேல் மூன்று செங்கல் துண்டுகளை வைக்கவும். ஆற்றிலிருந்து எடுத்த கற்கள் சூட்டில் வெடிக்கக்கூடும், அவற்றைத் தவிர்க்கவும். சட்டியை மூடி இருபது நிமிடம் சூடேற்றவும். பின்னர் சிறு தட்டொன்றில் ஒரு சிட்டிகை மா தூவி உள்ளே வைத்துப் பார்க்கவும். ஐந்து நிமிடத்தில் மா பொன்னிறமானால் சூடு சரியானது. அதற்கு முன்னரே கருகினால் விறகைக் குறைக்கவும்.

இப்போது பாண் தட்டத்தைச் செங்கல் துண்டுகளின்மேல் வைத்து, இரும்புத் தகட்டினால் அல்லது மண்மூடியினால் மூடி, மூடியின்மேல் சிரட்டைத் தணலைப் பரப்பவும். கீழே எரியும் தீயைத் தணித்துவிடவும். மேலும் கீழும் தணலிட்டுச் சுடும் இம்முறையை, அப்பம் சுட்டுப் பழகிய முதியோர் நன்கறிவர். நாற்பது முதல் நாற்பத்தைந்து நிமிடத்திற் பாண் வெந்துவிடும். முதல் இருபது நிமிடத்திற்குள் மூடியைத் திறக்கலாகாது. திறந்தால் பொங்கிய மா அமிழ்ந்துவிடும். சிரட்டைத் தணலின் புகை நச்சுத்தன்மையுடையது. ஆதலால் காற்றோட்டமுள்ள குசினியிலோ வெளி அடுப்பிலோ மட்டுமே இவ்வாறு சுடவேண்டும். சிறுவர்களை அருகில் விடலாகாது.

கள்ளினாற் பொங்கவைத்தல்

மதுவம் கிடையாத வேளையில் பனங்கள்ளோ தென்னங்கள்ளோ அதன் வேலையைச் செய்யும். கள்ளில் இயற்கையான மதுவம் உண்டு. அப்பமா பொங்குவதும் அதனாலேயே. 300 கிராம் மாவுக்கு, அன்று இறக்கிய கள்ளில் 100 மில்லிலீற்றரை வடித்தெடுத்து, 80 முதல் 90 மில்லிலீற்றர் நீருடன் சேர்த்துக் குழைக்கவும். முதற் பொங்கலுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் செல்லலாம். முட்டியிற் சுண்ணாம்பு தடவி இறக்கிய கருப்பநீர் இதற்கு உதவாது. சுண்ணாம்பு நொதித்தலைத் தடுத்துவிடும். முற்றப் புளித்த கள்ளும் ஆகாது. அது பாணைப் புளிக்கச் செய்வதுடன் பசையத்தின் வலிமையையும் கெடுக்கும்.

அரிசி மாவும் வற்றாளங்கிழங்கும்

அரிசி மாவிற் பசையம் இல்லை. ஆதலால் அதனை மட்டும் கொண்டு இம்முறையிற் பாண் சுடல் இயலாது. ஆயினும் ஐந்தில் ஒரு பங்கு அரிசி மாவைக் கோதுமை மா தாங்கும். 240 கிராம் கோதுமை மாவுடன் 60 கிராம் வறுக்காத பச்சையரிசி மாவைச் சேர்த்து, மேற்கூறிய முறையிலேயே செய்யலாம். சந்தையிற் குறைந்த விலைக்குப் போகும் குறுநொய்யை அரைத்து, அரித்து, வெயிலில் உலர்த்தி எடுத்தால் இதற்குப் போதுமானது. புழுங்கலரிசி மா மிகுதியான நீரை உறிஞ்சுமாதலால் தொடக்கத்தில் அதனைத் தவிர்த்தல் நன்று. அரிசி மா கலந்த பாண் சற்று அடர்த்தியாக இருக்கும். இரண்டாம் பொங்கலில் அதனை மிகையாகப் பொங்க விடலாகாது.

காய்கறிச் செய்கையாளர், விற்பனைக்கு ஏற்காத சிறு வற்றாளங்கிழங்குகளை அவித்து, தோலுரித்து, நார் நீக்கி மசித்துச் சேர்க்கலாம். 240 கிராம் மாவுக்கு 60 கிராம் மசியல் அளவாகும். கிழங்கில் நீர் உள்ளமையால், முதலில் 120 மில்லிலீற்றர் நீர் மட்டும் விட்டு, பதம் பார்த்துக் கூட்டவும். இப்பாண் மென்மையாகவும் இயல்பான இனிப்புடனும் இருக்கும்.

குறைகளும் காரணங்களும்

பாண் கல்லுப்போல் இருந்தால்: மதுவம் செத்திருக்கலாம், மா மிகுந்திருக்கலாம், அல்லது பிசைந்தது போதாதிருக்கலாம்.
நடுவிற் பச்சையாக இருந்தால்: தீ மிகுந்து, மேற்புறம் விரைவிற் சிவந்துவிட்டது, அடுத்தமுறை தணலைக் குறைத்து நேரத்தைக் கூட்டவும்.
மேற்பக்கம் இடிந்து விழுந்தால்: இரண்டாம் பொங்கல் மிகையாயிற்று.
புளித்தால்: பொங்கவைத்த நேரம் மிகையாயிற்று, அல்லது கள் முற்றியிருந்தது.
அடி கருகினால்: மணல் போதாது, அல்லது கீழ்த்தீ தணிக்கப்படவில்லை.

பேணுதலும் உண்ணுதலும்

சுட்ட பாணைத் தட்டத்திலிருந்து எடுத்து, சுளகிலோ கம்பித் தட்டிலோ வைத்து ஆறவிடவும். நன்கு ஆறுமுன் வெட்டினால் உட்புறம் களிபோலாகும். சூட்டுடன் பொலித்தீன் பையிலிட்டால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். சுத்தமான துணியிற் சுற்றி வைத்து இரண்டு நாளுக்குள் உண்ணுதல் நன்று. பூஞ்சணம் பிடித்த பாணில் அவ்விடத்தை மட்டும் வெட்டியெறிந்துவிட்டு மீதியை உண்ணலாகாது. கோழிக்கோ மாட்டுக்கோ இடவும் ஆகாது. பழுதடையாது காய்ந்துபோன பாணை இடித்துத் தூளாக்கினால் கட்லட் முதலியவற்றிற்கு உதவும்.

பாண் தனியே நிறைவான உணவன்று. பருப்பு, முட்டை, மீன், கீரை என்பவற்றுள் ஒன்றையேனும் அதனுடன் சேர்த்து உண்ணுதல் வேண்டும். வளரும் பிள்ளைகளுக்குப் பாணும் சீனியும் மட்டும் கொடுத்தல் தீது.

வேலையும் கணக்கும்

கமத்தொழில் செய்வோர்க்கு மூன்று மணி நேரம் ஒருங்கே கிடைப்பதரிது. மதுவத்தைக் கால் தேக்கரண்டியாகக் குறைத்துத் தண்ணீரிற் குழைத்தால், முதற் பொங்கலுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். விடியலிற் குழைத்து வைத்துவிட்டு வயலுக்குச் சென்று, திரும்பி வந்து உருவாக்கிச் சுடலாம்.

ஒரு கிலோ மாவிலிருந்து 450 கிராம் பாண் மூன்று கிடைத்துச் சிறிது மிகும். மா, மதுவம், எண்ணெய், விறகு ஆகியவற்றின் செலவைக் கூட்டி மூன்றாற் பிரித்து, கடைப் பாணின் விலையுடன் ஒப்பிட்டுப் பார்க்கவும். விறகும் சிரட்டையும் தோட்டத்திலேயே கிடைக்கும் வீட்டிற்கும், வாயுவை விலைக்கு வாங்கும் வீட்டிற்கும் இக்கணக்கு வேறுபடும். ஒரு பாணுக்காகச் சட்டியைச் சூடேற்றுவதிலும், அயல்வீட்டார் இருவர் மூவர் சேர்ந்து ஒரே தணலில் அடுத்தடுத்துச் சுடுதல் சிக்கனமானது.

முதற் பாண் செவ்வையாக அமையாவிடின் மனந்தளர வேண்டியதில்லை. எவ்வளவு நீர் விடப்பட்டது, எவ்வளவு நேரம் பொங்கியது, தணல் எவ்வாறிருந்தது என்பவற்றைக் குறித்து வைத்து, ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கவேண்டும். மூன்று நான்கு முறையிற் கை பழகிவிடும். மா தாராளமாகக் கிடைக்கும் காலத்திலேயே இதனைப் பழகிக்கொள்ளுதல் அறிவுடைமையாகும். தட்டுப்பாடு வந்தபின் பழகத் தொடங்கினால், பிழைக்கு விடும் மாவும் அரிதாயிருக்கும்.