ஏரிக்கு அளவுகோல், கணிப்பொறிக்கு எச்டாப்

சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளுள் ஒன்று செம்பரம்பாக்கம். அதன் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மழைக்காலத்தில் ‘நீர்மட்டம் 21 அடி’ என்று அறிந்தால் மட்டும் போதுமா? போதாது. வினாடிக்கு 1,000 கன அடி நீர் வந்து, 400 கன அடி வெளியேறினால், ஒரே நாளில் ஏறத்தாழ 52 மில்லியன் கன அடி சேர்ந்துவிடும். 2015 டிசம்பர் 1 அன்று இந்த ஏரியிலிருந்து அடையாற்றில் வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட நேர்ந்தது. ஆகவே மட்டம், கொள்ளளவு, ஏறுமுகமா இறங்குமுகமா என்ற போக்கு ஆகிய மூன்றையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

பள்ளிக் கணிப்பொறி திடீரென மந்தமானால் நாமும் இதைத்தான் செய்யவேண்டும். அதற்கான அளவுகோல்களுள் ஒன்று எச்டாப் என்னும் இலவச மென்பொருள். லினக்ஸ் கணிப்பொறிகளில் இதை எளிதில் நிறுவலாம். 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் இருந்த பாஸ் லினக்ஸும் இவ்வகையே.

நிறுவும் முறையைக் காண்போம். ஆசிரியரின் அனுமதி பெற்று, இணைய இணைப்புடன், டெர்மினல் என்னும் கட்டளைத் திரையைத் திறவுங்கள். கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தருகிறோம்; நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டவேண்டும்.

1. ‘சூடோ ஆப்ட் அப்டேட்’: கிடைக்கும் மென்பொருள்களின் பட்டியல் புதுப்பிக்கப்படும். ‘சூடோ’ (எஸ், யூ, டி, ஓ) என்பது நிர்வாகியின் அதிகாரத்தைக் கோரும் சொல். ஆகவே கடவுச்சொல் கேட்கும். அதைத் தட்டும்போது திரையில் எதுவும் தெரியாமல் இருக்கலாம், அஞ்சவேண்டாம்.

2. ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் எச்டாப்’: ‘ஆப்ட்’ (ஏ, பி, டி) மென்பொருளையும் அதற்குத் தேவையான துணைப் பகுதிகளையும் கொணர்ந்து, அவை மாற்றப்படாதவையா என்று சரிபார்த்து நிறுவும்.

3. ‘எச்டாப்’ (எச், டி, ஓ, பி): அளவுகோல் திரையில் தோன்றும்.

மேலே உள்ள பட்டைகள் செயலியின் ஒவ்வொரு கருவும் எவ்வளவு உழைக்கிறது, நினைவகம் எவ்வளவு நிரம்பியுள்ளது என்று காட்டும். அருகே ‘லோட் ஆவரேஜ்’ என்று மூன்று எண்கள் இருக்கும். அவை கடந்த 1, 5, 15 நிமிடங்களின் சராசரி வேலைப்பளு. நான்கு கருக்கள் உள்ள கணிப்பொறியில் 6, 4, 2 எனத் தெரிந்தால், கொள்ளளவான நான்கைப் பளு தாண்டிவிட்டது, மேலும் ஏறுகிறது என்று பொருள். அதுவே 2, 4, 6 என்றால் வெள்ளம் வடிகிறது எனலாம். ‘6’ என்ற எண் மட்டும் தனியே நமக்கு எதையும் சொல்லாது அல்லவா?

பெரிய ‘எம்’ எழுத்தைத் தட்டினால் நினைவகத்தை அதிகம் விழுங்கும் நிரல் முதலில் வரும். பெரிய ‘பி’ தட்டினால் செயலியை அதிகம் பயன்படுத்துவது முதலில் வரும். எஃப்9 விசை ஒரு நிரலை நிறுத்த உதவும். ஆனால் பெயர் தெரியாத நிரலை நிறுத்தாதீர்கள். சேமிக்காத வேலை அழியலாம், கணிப்பொறியே நின்றுபோகலாம். வெளியேற ‘க்யூ’.

அளவுகோல் நிலையைச் சொல்லும். கதவைத் திறப்பதும் மூடுவதும் மனிதனின் பொறுப்பு.

செய்து பாருங்கள்: ஒரு காணொளியை ஓடவிட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று எண்களையும் குறித்து வரைபடம் வரையுங்கள். காணொளியை நிறுத்தியபின் எந்த எண் முதலில் இறங்குகிறது? ஏன்?