கீமோவுக்குப் பின் வரும் காய்ச்சல்

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்காக அக்காவுக்குச் சிவப்பு மருந்து ஏற்றுகிறார்கள். முடி கொட்டும் என்று தெரியும். வேறு எதற்குப் பயப்பட வேண்டும்?
– வாசகி, கடலூர்

பதில்: முதலில் காய்ச்சலுக்குத்தான் அம்மா. மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறையும். அப்போது 100.4 டிகிரி காய்ச்சலே உயிருக்கு ஆபத்தாகலாம். பாராசிட்டமால் கொடுத்து, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, சிதம்பரம் அண்ணாமலைநகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய், கீமோ நடப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வரிசையில் நிற்க வேண்டாம்.

சிவப்பு மருந்து பெரும்பாலும் டாக்சோரூபிசின். அபூர்வமாக இதயத்தைப் பலவீனமாக்கும், சிலருக்குச் சிகிச்சை முடிந்து ஆண்டுகள் கழித்தும். எக்கோ எடுக்கச் சொல்வது அதற்குத்தான்; செலவு என்று தட்டிக்கழிக்காதீர்கள். மூச்சிரைப்பு, கால் வீக்கம் இருந்தால் உடனே காட்டுங்கள். ஏற்றும்போது ஊசி இடம் எரிந்தால் நர்ஸைக் கூப்பிடுங்கள். மருந்து வெளியே கசிந்தால் சதை புண்ணாகிவிடும். ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போவது மருந்தின் நிறம்தான், ரத்தமல்ல.