வெப்பத்தைத் தாங்கும் தக்காளி

கமத்தொழிலைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட எம்மவர் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். சித்திரை, வைகாசியில் தக்காளிச் செடி மதாளித்து வளரும். பூவும் நிறையப் பூக்கும். ஆனால் பூக்கள் காம்போடு உதிர்ந்துவிடும். “பசளை காணாது” என்று யூரியா இடுவோர் உண்டு. “கண்ணூறு” என்போரும் உண்டு. உண்மைக் காரணம் பெரும்பாலும் வெப்பமே.

தக்காளியின் தாயகம் தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைப்பகுதியாகும். காய் பிடிப்பதற்குப் பகலில் 21 – 27 பாகை செல்சியசும், இரவில் 15 – 20 பாகையும் உகந்தவை. யாழ்ப்பாணத்தின் வைகாசி இரவுகளில் வெப்பநிலை 25 பாகைக்குக் கீழ் இறங்குவது அரிது. இரவு வெப்பமும் பகல் வெப்பத்தைப் போலவே தீங்கானது.

பூவில் நிகழ்வது என்ன?

தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டுவது. அம்மகரந்தம் பூ விரிவதற்கு ஒன்று, இரண்டு வாரங்களுக்கு முன்பே மொட்டினுள் உருவாகின்றது. அப்போது வெப்பம் கூடினால் மகரந்தமணிகள் மலடாகும். சில வர்க்கங்களில் தம்பம் நீண்டு மகரந்தக்கூட்டுக்கு வெளியே நிற்பதால் மகரந்தம் குறியைச் சேராது. ஆகவே, இன்று உதிரும் பூ சென்ற வாரமே பாதிக்கப்பட்ட பூவாகும். உதிரத் தொடங்கியபின் யூரியா இடுவதால் இலையே பெருகும், காய் பிடிக்காது.

புதிய வர்க்கங்கள்

1971 இல் தாய்வானில் தொடங்கப்பட்ட ஆசிய மரக்கறி ஆராய்ச்சி நிலையம், இன்றைய உலக மரக்கறி நிலையம், 4000 இற்கு மேற்பட்ட தக்காளி மாதிரிகளை வெப்பத்தில் வளர்த்துப் பார்த்தது. நன்கு காய்த்தவை நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. அவற்றை வேறு நல்ல வர்க்கங்களுடன் கலந்து, கோடையில் காய்த்த செடிகளையே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்தனர். இக்குணம் பல பரம்பரை அலகுகளில் தங்கியிருப்பதாலும், வெப்பந்தாங்கும் செடிகளின் காய் பெரும்பாலும் சிறிதாக இருப்பதாலும் இது பல ஆண்டு உழைப்பாயிற்று.

நாம் செய்யக்கூடியவை

1. கார்த்திகையில், மழைக்குக் காப்பிட்ட உயர்ந்த நாற்றுமேடையில் விதைத்தால், குளிர்ச்சியான தை மாதத்தில் பூக்கும்.
2. கோடையில் நடுவதாயின், வெப்பந்தாங்கும் வர்க்கம் எதுவென விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து நடுக.
3. செடியடியில் வைக்கோல் பரப்பி, மண் காயாமல் நீர் இறைக்க வேண்டும்.
4. கலப்பின விதையிலிருந்து வந்த பழத்தின் விதையை மீண்டும் நட்டால் செடிகள் பலவிதமாக மாறிவிடும். கலப்பினமல்லாத வர்க்கமாயின், கோடையில் நன்கு காய்த்த நோயற்ற செடிக்கு நூல் கட்டி அடையாளமிட்டு, அதன் விதையை எடுத்து வைக்கலாம்.

ஆராய்ச்சி நிலையத்தார் செய்ததும் அடிப்படையில் இதுவே. எமது தோட்டத்திலும் வெப்பத்தை வென்று காய்க்கும் ஒரு செடி நிற்கக்கூடும். அதன் முதற் பழத்தைச் சந்தைக்கு அனுப்பாது விதைக்கென விடுவோமாக.