புதிதாக எழுத வரும் தம்பி, தங்கைகளுக்கு

1. எழுதப்போகும் விஷயம் முதலில் உங்களுக்குப் பிடிபட வேண்டும். நடை சிக்கலாவதற்குப் பெரும்பாலும் காரணம், எழுதுகிறவருக்கே விஷயம் விளங்காததுதான். மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்று எழுதுகிறோம். ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி. ஒரு கனஅடி ஏறக்குறைய 28 லிட்டர். இது தெரிந்தவருக்குத்தான் விளக்கவும் வரும். ‘விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடி திறப்பு’ என்று மட்டும் எழுதினால் படிப்பவர் தலையாட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் 230க்கும் மேல் ஒரே விநாடியில் கொட்டுகிற அளவு என்று சேர்த்து எழுதிப் பாருங்கள், பிள்ளையை ஆற்றுப் பக்கம் விடமாட்டார். அச்சுக்குப் போகுமுன் கணக்கை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.

2. அலுவலக நடையை அப்படியே இறக்கிவைக்காதீர்கள். ‘அணையிலிருந்து உபரிநீர் வெளியேற்றம் மேற்கொள்ளப்பட்டுள்ளதைத் தொடர்ந்து கரையோரப் பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள்’ என்று ஓர் அறிவிப்பு வருகிறது என்று வையுங்கள். இதை நீங்கள் எப்படி எழுத வேண்டும்? ‘அணையைத் திறந்துவிட்டார்கள். ஆற்றோரம் குடியிருப்பவர்கள் உடனே மேட்டுப் பகுதிக்குப் போய்விடுங்கள்.’ செய்தி ஒன்றுதான். முதலாவதைப் படித்து முடிப்பதற்குள் தண்ணீர் வாசலுக்கு வந்துவிடும். எளிய நடை உயிர் காக்கும் என்று நான் சொல்வது இதனால்தான்.

3. ‘மேற்கொள்ளப்பட்டது’, ‘நடைபெற்றுக் கொண்டிருக்கின்றது’ போன்றவை வரும் இடத்தில் எல்லாம் யார் செய்தார் என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் வாக்கியம் தானே சுருங்கும். கிடைக்காவிட்டால் போன் போட்டு விசாரியுங்கள்.

4. எளிமை வேறு, கொச்சை வேறு. கனஅடி என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘நிறையத் தண்ணீர்’ என்று எழுதுவது சோம்பல். துறைச்சொல்லை வையுங்கள், அடுத்த வரியிலேயே விளக்கிவிடுங்கள்.

5. அரிய சொற்களைக் கோத்தால்தான் மதிப்பு என்று யாராவது சொன்னால் பாரதியை நினைத்துக்கொள்ளுங்கள். சுதேசமித்திரன் நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவர். 1912இல் வந்த பாஞ்சாலி சபதத்தின் முகவுரையில், எளிய சொல்லும் எளிய நடையும்தான் மொழிக்குப் புதிய உயிர் தரும் என்று வாதாடினார். அவருக்கா அரிய சொல் கிடைக்காமல் போயிற்று? சி.பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் ‘தந்தி’ நாளிதழைத் தொடங்கியதும் எழுத்துக்கூட்டிப் படிப்பவரையும் மனத்தில் வைத்துத்தான். டீக்கடையில் ஒருவர் சத்தமாகப் படிக்க, பக்கத்தில் நாலு பேர் கேட்டார்கள். கேட்டவர்களும் வாசகர்கள்தான். அதனால் நீங்களும் எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் முற்றுப்புள்ளி வையுங்கள்.

6. ‘இன்றைய அவசர உலகில்’ என்று தொடங்கும் பத்தியையும், ‘என்றால் அது மிகையாகாது’ என்று முடியும் வாக்கியத்தையும் அடித்துவிடுங்கள்.

7. கடைசியாக, அந்தத் துறை தெரியாத ஒருவரிடம் கட்டுரையைக் கொடுங்கள். வீட்டில் அம்மாவோ, தெருமுனைக் கடைக்கார அண்ணனோ, யாராக இருந்தாலும் சரி. ‘இது என்னப்பா?’ என்று அவர் கேட்கும்போது வாயால் என்ன விளக்கம் சொல்வீர்களோ, அதை அப்படியே தாளில் எழுதி, பழைய வரியை எடுத்துவிடுங்கள்.