உடல் அசைவைக் காணும் யந்திரமும் வியாபாரிக்குப் படிப்பினையும்



வீடியோ கேம் என்றால் பிள்ளைகள் விஷயம் என்று நாம் ஒதுக்கி விடுகிறோம். ஆயினும் அந்தச் சந்தையில் நடந்த ஒன்று நம் போன்ற கடைக்காரர்கள் அறிய வேண்டியது. விளையாடுபவரின் உடல் அசைவையே யந்திரத்துக்குக் கட்டளையாக்கும் சாதனங்களைப் பற்றியது அது.

முதலில் கையில் பிடிக்கும் சாதனத்தைப் பார்ப்போம். ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி 2006-ம் ஆண்டு நவம்பரில் 'வீ' என்ற யந்திரத்தை வெளியிட்டது. அதன் கைப்பிடிக்குள் வேகத்தின் மாறுதலை உணரும் சிறு உறுப்பு ஒன்று உண்டு. கையை வீசினால் வீச்சின் திசையையும் விசையையும் அது அறியும். டெலிவிஷன் அருகே வைக்கும் பட்டையில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள் இருக்கும். கைப்பிடியின் முனையிலுள்ள கேமரா அவ்விளக்குகளைக் கண்டு, கை எங்கே குறி வைக்கிறது என்று கணக்கிடும். பொத்தான் விளையாட்டுப் பழகாத பெரியவர்களும் இதை ஆடினார்கள். மொத்தம் 10 கோடிக்கு மேல் விற்றது.

தொடக்கத்தில் ஒரு குறை இருந்தது. வேகமாக வீசும்போது மணிக்கட்டுக் கயிறு அறுந்து கைப்பிடி பறந்தது. கம்பெனி அதே டிசம்பரில் சுமார் 32 இலட்சம் கயிறுகளை இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. இதை நினைவில் வையுங்கள்.

அடுத்து, கையில் ஒன்றுமே பிடிக்காமல் ஆடும் சாதனம். அமெரிக்காவின் மைக்ரோசாஃப்ட் கம்பெனி தன் எக்ஸ்பாக்ஸ் 360 யந்திரத்துக்காக 2010 நவம்பரில் 'கினெக்ட்' சாதனத்தைக் கொண்டு வந்தது. அது அறை முழுவதும் அகச்சிவப்புப் புள்ளிகளைத் தெளிக்கும். புள்ளிகள் எவ்வளவு இடம் மாறி விழுகின்றன என்பதைக் கேமரா பார்த்து, ஒவ்வோர் இடமும் எவ்வளவு தூரத்தில் உள்ளது என்று கண்டுகொள்ளும். பிறகு தோள், முழங்கை, முழங்கால் என உடம்பின் 20 இடங்களைக் குறித்து, அவை அசைவதைத் தொடர்ந்து கவனிக்கும். ஏராளமான உடல் நிலைகளைக் காட்டி யந்திரத்துக்கு இதைக் கற்பித்திருந்தார்கள்.

முதல் 60 நாளில் 80 இலட்சம் விற்று, கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றது. ஆனால் ஒருவர் ஆட ஆறடி, இருவர் ஆட எட்டடி தள்ளி நிற்க வேண்டும். சிறு வீட்டில் அதற்கு இடமேது? உடம்பு அசைந்து சற்றுத் தாமதித்தே திரையில் உருவம் அசைந்தது. பொத்தானின் சுறுசுறுப்பு இதில் இல்லை.

நிற்க. 2013 நவம்பரில் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் யந்திரத்தோடு புதிய கினெக்டையும் சேர்த்தே வாங்க வேண்டும் என்று கம்பெனி வைத்தது. விலை 499 அமெரிக்க டாலர். அதே மாதம் வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 4 விலையோ 399. வேண்டாத சரக்குக்கு 100 டாலர் கொடுப்பானேன் என்று பலர் எண்ணினர். 2014 ஜூனில் கினெக்ட் இல்லாமல் 399-க்கு விற்க இறங்கி வந்தார்கள். 2017-ல் கினெக்ட் உற்பத்தியே நின்றது. அதே ஆண்டு ஆப்பிள் கம்பெனியின் ஐபோன் எக்ஸ், முகத்தில் அகச்சிவப்புப் புள்ளிகளைத் தெளித்து உரியவரை அடையாளம் கண்டது. ஆகவே வித்தை பழுதல்ல. கட்டாயப்படுத்தி விற்ற முறையே பழுது.

இதைச் சொல்ல எனக்கும் அனுபவம் உண்டு. 2009-ல், அத்தாவின் கடையில் இருந்தபோது, வீ கைப்பிடியில் மாட்டும் பிளாஸ்டிக் டென்னிஸ் மட்டைகளை இரண்டு பெட்டி கொள்முதல் செய்தேன். விற்கவில்லை. பேட்டரி வாங்க வந்த பழைய வாடிக்கைக்காரரிடம், "மட்டையும் சேர்த்துத்தான் தருவேன்" என்றேன். அவர் பேட்டரியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். மறுபடி வரவேயில்லை. அத்தா என்னை ஏசவில்லை. "மட்டைக்குப் போட்ட காசு போனால் சம்பாதித்துக் கொள்ளலாம் தம்பி, அவரை எங்கே போய் கொள்முதல் செய்வாய்?" என்று மட்டும் கேட்டார்கள்.

சகோதரர்களே, கயிறு அறுந்தபோது மாற்றித் தந்த கம்பெனியையும், வேண்டாததைச் சேர்த்துக் கட்டிய கம்பெனியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தேங்கிய சரக்கை விலை குறைத்துத் தனியே விற்றுவிடுங்கள். வாடிக்கைக்காரர் கேட்ட பொருளோடு அதைக் கட்டி விடாதீர்கள்.