காது குத்தினால் தலைவலி தீருமா?

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பர். ஒற்றைத் தலைவலியால் வாடுவோர் எந்த வைத்தியத்தையும் முயல்வது இயல்பே. காதின் உள்மடிப்பில் துளையிட்டு வளையம் அணிவது அவற்றுள் ஒன்று.

திருவண்ணாமலையில் நம் வீடுகளில் தாய்மாமன் மடியில் அமர்த்திக் குத்துவது மென்மையான காதுச் சோணையை. சுசுருத சம்கிதையும் காப்புக்காகவும் அணிக்காகவும் காது குத்துவதைக் கூறுகிறது. பிரெஞ்சு மருத்துவர் பால் நோஜியே 1950களில் உடலுறுப்புகளைக் காதின் புள்ளிகளோடு தொடர்புபடுத்தினார். உள்மடிப்பைத் துளைப்போர் இத்தகைய கருத்தையே ஆதாரமாகக் காட்டுவர்.

சிலருக்கு வலி குறைந்ததுண்டு. ஆனால் ஒற்றைத் தலைவலி தானாகவே கூடிக் குறையும். நம்பிக்கையும் வலியைத் தணிக்கும். துளைதான் தீர்த்தது என்பதற்குத் தக்க சான்று இல்லை. மேலும், உள்மடிப்பு குருத்தெலும்பால் ஆனது. அதனுள் இரத்தக் குழாய்கள் இல்லை. புண் ஆறப் பல மாதங்கள் ஆகும். சீழ் பிடித்தால் காதே உருக்குலையலாம். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான்!

தோழியரே, காலை உணவைத் தவிர்க்காதீர்கள். நன்கு உறங்குங்கள், போதிய நீர் பருகுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிந்தால் கண்ணைச் சோதியுங்கள். வலி வரும் நாளையும் நேரத்தையும் ஏட்டில் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். காதுக்குத் தோடு அழகு. தலைவலிக்கு அதன் காரணத்தை அறிவதே மருந்து.