தெற்றுப்பல்லுக்கு இட்லிதான் காரணமா?

கேள்வி: இட்லியும் தயிர்சாதமுமாகவே ஊட்டி வளர்த்ததால்தான் என் மகளுக்குத் தாடை சிறுத்து, தெற்றுப்பல் வந்தது என்கிறார் மாமியார். உண்மையா?
– ஒரு வாசகி, உத்திரமேரூர்

பதில்: மாமியார் சொல்வது பாதி உண்மை.

பல்லை இறுகக் கடித்துக்கொண்டு, காதுமடலுக்குச் சற்றுக் கீழே முன்பக்கமாக விரலை வைத்தால் ஒரு தசை புடைத்து எழும். அதுதான் மெல்ல உதவும் மாசெட்டர். ஆய்வாளர்கள் கிளியாரிடிஸ், கேலெபோ இருவரும் அதை அல்ட்ராசவுண்டில் அளந்து 1991இல் ஆய்வு வெளியிட்டார்கள். தசை மெலிந்த பெண்களுக்கு முகம் நீண்டிருந்தது. மென்மையான தீனி தின்று வளர்ந்த எலிகளுக்குத் தாடை எலும்பும் சரியாகத் தடிக்கவில்லை என்பது ஆய்வகங்களில் பலமுறை கண்டது.

நம் நாட்டுச் சான்றும் உண்டு. அமெரிக்க மானுடவியலாளர் ராபர்ட் கொருச்சினி 1980களில் சண்டிகர் வட்டாரத்தில் ஆராய்ந்தார். கிராமத்தைவிட, மென்மையான உணவுக்குப் பழகிய நகரத்துப் பிள்ளைகளிடமே பல்வரிசைக் கோளாறு அதிகம்.

மீதிப் பாதி? பரம்பரை. விரல் சூப்புவதும் தீராத மூக்கடைப்பும்கூடக் காரணமாகலாம். முறுக்கும் வேர்க்கடலையும் கொறித்து வளர்ந்த பிள்ளைக்கும் தெற்றுப்பல் வரத்தான் செய்கிறது. பழியை முழுக்க இட்லிமேல் போடுவது அநியாயம். தாடைப் பயிற்சிக்கென்று இணையத்தில் விற்கும் ரப்பர் உருண்டையை மென்றால் தசை தடிக்கும், பல் நேராகாது. தாடை மூட்டு வலிதான் மிச்சம்.

ஏழு வயதையொட்டி ஒருமுறை பல் சீரமைப்பு நிபுணரிடம் காட்டுவது நல்லது. செங்கல்பட்டில் சென்னை பீச் ரயில் ஏறி, கோட்டை நிலையத்தில் இறங்கினால் அரசு பல் மருத்துவக் கல்லூரி அருகிலேயே. க்ளிப் போட்டுவிட்டால் மட்டும் பொங்கல் கரும்பைக் கடிக்க விடாதீர்கள், பல்லில் ஒட்டிய பிராக்கெட் பெயர்ந்துவிடும்.